உண்டியலின் வயதும் லாரியின் வயதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த, பழம்பொருள் சேகரிப்பு பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இப்பொருளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே. அந்த வகையில் கட்டுரையாளருக்கு என் நன்றியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும் கட்டுரையின் நடுவே இடம்பெற்ற ஒரு படமும் அதற்குக் கீழே தரப்பட்டிருந்த விளக்கமும் பிழையானவை. டெக்சகோ என்னும் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் பெயர் பொறித்த, காசு போடத் துளையுள்ள சிறிய உலோக லாரி ஒன்றைக் காட்டி, அது 1913-ஆம் ஆண்டில் செய்யப்பட்டு வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட உண்டியல் என்றும், அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்கள் இத்தகைய உண்டியல்களை வாங்கி வைத்தால் அவை தங்கத்தைப் போல மதிப்பு ஏறும் என்றும் எழுதப்பட்டிருந்தது. இவற்றுள் ஒன்றுகூட உண்மையன்று. இதை நம்பி யாரேனும் பணத்தைச் செலவழித்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த உண்டியல் 1984-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அயோவா மாநிலத்தில் டையர்ஸ்வில் என்னும் சிற்றூரில் இயங்கிய எர்ட்டில் என்ற பொம்மை நிறுவனம், டெக்சகோவுக்காக ஆண்டுக்கொன்றாக வெளியிட்ட உண்டியல் வரிசையில் அதுவே முதலாவது. பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 1913 என்னும் எண், எந்த வண்டியைப் பார்த்து அந்தப் பொம்மை வடிக்கப்பட்டதோ, அந்த ஃபோர்டு மாடல் டி வண்டியின் ஆண்டைக் குறிப்பது. இது கட்டுரையாளர் ஒருவர் மட்டுமே செய்த பிழையன்று. இணையத்தில் விற்பவர்கள் பலரும், சிலர் தெரியாமலும் சிலர் தெரிந்தேயும், இதே குழப்பத்தை வளர்க்கிறார்கள். 1993-இல் வெளிவந்த டெக்சகோ உண்டியலின் பெட்டியில் 1939 டாட்ஜ் ஏர்ஃப்ளோ என்றிருக்கும். அதே ஆண்டில் தொடங்கிய விமான உண்டியல் வரிசையின் முதல் விமானத்தின் மேல் 1929 லாக்ஹீட் ஏர் எக்ஸ்பிரஸ் என்றிருக்கும். ஹெஸ் என்னும் மற்றோர் எண்ணெய் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட உண்டியலும், 1933-ஆம் ஆண்டு செவ்ரலே எண்ணெய் வண்டியின் உருவில்தான் அமைந்தது. ஐம்பது, அறுபது, எழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் போய் ஒரு பழைய வண்டியைத் தேர்ந்தெடுத்து, அதைப் புதிதாக வடித்து விற்பதே இந்த வரிசைகளின் இயல்பு. ஆகவே பெட்டியில் உள்ள ஆண்டைப் படித்துவிட்டு உண்டியலின் வயதைச் சொல்வது, கோயில் மாதிரி பொம்மை ஒன்றை வாங்கிவந்து அது ராசராசன் காலத்தது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நான் கோவையில் பவுண்டரித் தொழிலில் தொடங்கி, 1988 முதல் 2006 வரை அயோவா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களுக்கு அருகே, ஒரு வார்ப்பாலையில் பொறியாளராகப் பணியாற்றியவன். டையர்ஸ்வில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். அப்பகுதியில் சோளக்கொல்லைகளுக்கு இணையாகப் பொம்மை டிராக்டர்களும் பேச்சில் அடிபடும். பண்ணைப் பொம்மைகளுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் அவ்வூரில் இருக்கிறது. எர்ட்டில் நிறுவனத்தின் தொடக்கக் கதையை அங்கே தொழிலாளர் எவரும் சொல்வார்கள்: 1945-இல் ஃபிரெட் எர்ட்டில் என்னும் வார்ப்புத் தொழிலாளி, டுபியூக் நகரில் தம் வீட்டிலேயே, போரில் மிஞ்சிய விமான எஞ்சின் பிஸ்டன்களின் அலுமினியத்தை உருக்கி, மணல் அச்சில் ஊற்றிப் பொம்மை டிராக்டர்கள் செய்தார். எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் வைத்த ஓர் உலையிலிருந்து இத்தனை பெரிய நிறுவனம் எழுந்தது என்பதில் எனக்கு அன்றும் இன்றும் ஒரு பெருமிதம் உண்டு. ஆகவே இந்த உண்டியல்களை இழிவுபடுத்துவது என் நோக்கமன்று. என்னிடமே முப்பதுக்கும் மேற்பட்டவை உள்ளன.

எண்ணெய் நிறுவனங்கள் உண்மையாகவே இலவசமாகத் தந்த உண்டியல்கள் வேறு. அவை இந்த லாரிகளுக்கு ஒரு தலைமுறை மூத்தவை. தகரத்தாலும் கண்ணாடியாலும் பிளாஸ்டிக்காலும் ஆனவை. அக்காலத்தில் மோட்டார் எண்ணெய் ஒரு குவார்ட் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) அளவுள்ள உருளைத் தகரக் குப்பிகளில் விற்கப்பட்டது. அதே குப்பியை ஒரு சாண் உயரத்திலும் பாதிக்குக் குறைவாகச் சுருக்கி, அதே வண்ணங்களை அச்சிட்டு, மேல்மூடியில் ஒரு துளையிட்டால் அது உண்டியல். சிங்க்ளேர், பிலிப்ஸ் 66 போன்ற நிறுவனங்கள் பெட்ரோல் பம்பின் வடிவிலேயே தகர உண்டியல்கள் தந்தன. எஸ்ஸோ, கண்ணாடிக் கட்டிக்குள் காசு சேர்வது வெளியே தெரியும்படி ஓர் உண்டியலைச் செய்தது. 1964-இல் தன் புலி விளம்பரம் நாடெங்கும் புகழ்பெற்ற பிறகு புலி உருவில் பிளாஸ்டிக் உண்டியலும் வந்தது. (நம் ஊர்களிலும் 1974-இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை எஸ்ஸோ பெயர்ப்பலகை இருந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.)

இவற்றை ஏன் இலவசமாகத் தந்தார்கள் என்பதில்தான் அவற்றின் சிறப்பு இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோல் சுமார் 30 சென்ட். ஒரே சாலைச் சந்திப்பில் மூன்று நான்கு நிறுவனங்களின் பங்க்குகள் எதிரும் புதிருமாக நிற்கும். விலையில் பெரிய வேறுபாடு இல்லை; பெட்ரோலின் தரத்திலும் வாடிக்கையாளர் கண்டறியக்கூடிய வேறுபாடு இல்லை. ஆகவே கண்ணாடித் தம்ளர், சாலை வரைபடம், சேர்த்துவைத்துப் பரிசு பெறும் ஒட்டுவில்லைகள் என்று எதையாவது கொடுத்தே வண்டிகளைத் தம் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. உண்டியல் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கானது. அது நிறுவனத்தின் பெயரோடு வீட்டு அலமாரியில் ஆண்டுக்கணக்கில் நின்றது. அடுத்த முறை தந்தை எந்தப் பங்க்கில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லிவிடும். வணிகத் தந்திரம்தான், ஆயினும் அக்குழந்தைகள் அதில் போட்ட காசு உண்மையான காசு.

என்னிடம் அத்தகைய உண்டியல் ஒன்றே ஒன்று இருக்கிறது. 2006-இல் நாங்கள் நாடு திரும்ப ஆயத்தமானபோது, எதிர்வீட்டு அம்மையார் தம் சிறுவயது நினைவாக வைத்திருந்த பிலிப்ஸ் 66 எண்ணெய்க் குப்பி உண்டியலை என் மகளிடம் கொடுத்தார். அதன் மேல்மூடியில் உள்ள துளை நேராக இல்லை. இரண்டு உதடுகளும் மேல்நோக்கி வளைந்து நெளிந்திருக்கின்றன. இத்தகைய குப்பிகள் பலவற்றில் காசை வெளியே எடுக்க வழியே கிடையாது. நம் மண் உண்டியலைப் போலத்தான்: நிறைந்ததும் உடைக்க வேண்டும், தகரமானால் டின் திறக்கும் கருவியால் அறுக்க வேண்டும். அவருடைய அண்ணன் பொறுமையிழந்து, சாப்பாட்டு மேசைக் கத்தியைத் துளையில் நுழைத்து, குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக் காசுகளை ஒவ்வொன்றாக வழித்தெடுத்தாராம். அந்த நெளிவு அந்தக் கத்தி செய்தது. அறுக்கப்படாமல் தப்பியதால்தான் அக்குப்பி இன்றும் இருக்கிறது. அதன் கூட்டாளிகள் பெரும்பாலும் நிறைந்த அன்றே அறுபட்டுக் குப்பைக்குப் போயின. ஒரு பொருள் அரிதாவது இப்படித்தான்: பயன்பட்டு, தேய்ந்து, தொலைந்து, எஞ்சியவை சில.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியதும் அந்த உலகம் ஏறக்குறைய ஒரே குளிர்காலத்தில் முடிந்தது. பங்க்குகளின் முன் வண்டிகள் வரிசை கட்டி நின்றபோது, வாடிக்கையாளரைக் கவர உண்டியல் கொடுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. பத்தாண்டுகள் கழிந்து, 1984-இல், டெக்சகோ உண்டியல் மீண்டும் வந்தபோது அது விலைக்கு வந்தது. குழந்தைக்கன்று, அந்தப் பழைய பங்க்குகளை நினைத்து ஏங்கிய பெரியவர்களுக்கு வந்தது. பெட்ரோல் நிறுவனங்களின் பழைய பொருள்களைச் சேகரிப்பதற்குப் பெட்ரோலியானா என்று தனிப் பெயரே ஏற்பட்டுவிட்டது. காசு போடும் துளையும், அடியில் சிறு சாவியால் திறக்கும் பூட்டும் அந்த லாரிகளில் தொடர்ந்தன. ஆனால் நான் வாங்கியவற்றுள் ஒன்றிலும், பிறரிடம் பார்த்த நூற்றுக்கணக்கானவற்றுள் பெரும்பாலானவற்றிலும், ஒரு சென்ட் நாணயம்கூட விழுந்ததில்லை. சாவி இன்னும் அதன் பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கிறது.

அந்த 1984-ஆம் ஆண்டு எண்ணெய்த் துறையில் எத்தகைய ஆண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் கல்ஃப் நிறுவனத்தை விழுங்கியது அந்த ஆண்டில். டெக்சகோ கெட்டி ஆயில் நிறுவனத்தை வாங்கியதும் அந்த ஆண்டில்தான். கெட்டியை வாங்கத் தமக்கே முதலில் உடன்பாடு இருந்தது என்று பென்சாயில் நிறுவனம் வழக்குத் தொடுக்க, 1985-இல் நீதிமன்றத்தில் 1,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீடு விதிக்கப்பட்டது. 1987 ஏப்ரலில் டெக்சகோ திவால் பாதுகாப்புக் கோரியது. பின்னர் 300 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. 2001-இல் டெக்சகோவே செவ்ரானுடன் இணைந்தது. அத்தனை கொந்தளிப்புக்கு நடுவிலும் லாரி உண்டியல் ஆண்டுதோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது, நிறுவனம் தன் கடந்தகாலத்தை எவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டிருந்தது என்பது புரிகிறது.

இனி முதலீடு என்னும் பேச்சுக்கு வருகிறேன். ஒரு பவுண்டரிக்காரனாக எனக்கு இதில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. இந்த லாரிகள் துத்தநாகக் கலவையில் அச்சு வார்ப்பு முறையில் செய்யப்படுபவை. அக்கலவை சுமார் 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இரும்பை ஊற்ற வேண்டுமானால் 1,300 டிகிரிக்கும் மேல் போக வேண்டும். வெப்பம் குறைவாதலால் எஃகு அச்சு எளிதில் கெடாது. முறையாகப் பராமரித்தால் ஒரே அச்சு லட்சக்கணக்கான வார்ப்புகளைத் தரும். மணல் அச்சைப் போல ஒவ்வொரு வார்ப்புக்கும் உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. ஆகவே வரையறுக்கப்பட்ட பதிப்பு என்று பெட்டியில் போடும்போது, அந்த வரையறையைத் தீர்மானிப்பது விற்பனைப் பிரிவு. அச்சோ உலையோ அதற்குத் தடையாக இருப்பதில்லை. எர்ட்டில் நிறுவனம் அதே 1913 மாடல் டி வண்டியின் வார்ப்பை எடுத்து, வண்ணத்தையும் எழுத்தையும் மட்டும் மாற்றி, எண்ணற்ற வேறு நிறுவனங்களுக்கும் உண்டியலாகச் செய்து கொடுத்தது. டெக்சகோ வரிசையிலேயே பிற்காலத்தில் ஒரே வண்டி வழக்கமான பதிப்பு, சிறப்புப் பதிப்பு என்று மேற்பூச்சு மட்டும் வேறுபட்டு வெளிவந்தது.

1984-இல் வந்த முதல் உண்டியலைப் பெட்டியோடு பத்திரப்படுத்தியவர்கள் சிலரே. பொம்மை என்று கருதிப் பலர் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டார்கள். வரிசை வளர வளர, முதலிலிருந்து வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையால் அந்த முதல் உண்டியலின் விலை 1990-களில் பல நூறு டாலரை எட்டியது. அதைப் பார்த்தவர்கள் அனைவரும் அடுத்தடுத்து வந்தவற்றை இரண்டிரண்டாக வாங்கி, பெட்டியைத் திறவாமல் அடுக்கினார்கள். நானும் அடுக்கினேன். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும் என்ற எளிய கேள்வியை அப்போது எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நாடு திரும்பும் முன் 2006-இல் ஒரு பழம்பொருள் வணிகரிடம் என் பெட்டிகளைக் கொண்டுபோனேன். அவர் மரியாதையாகவே பேசினார். பின்னறைக்கு அழைத்துச்சென்று, தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்த, ஒருபோதும் திறக்கப்படாத அதே பெட்டிகளைக் காட்டினார். நான் கொடுத்த விலையில் பாதிகூட அவர் தர முன்வரவில்லை. பதினான்கு ஆண்டுகள் மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துவைத்து வாங்கியவை அவை. என் மனைவி அன்று காரில் திரும்பி வரும்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அதன் பிறகு இணையவழி ஏலம் பரவி, எத்தனை பெட்டிகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த பின்னர், 1990-களின் உண்டியல்கள் பெரும்பாலானவை வெளியீட்டு விலைக்கும் கீழேதான் விலை போகின்றன. தங்கத்தோடு ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழ் எழுதியது எனக்கு வலித்தது இதனால்தான்.

அப்படியானால் இவற்றுக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. அது பண மதிப்பன்று. 1994-இல் வந்த உண்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் டெக்சகோவுக்காக டயமண்ட் டி வண்டியின் அடித்தளத்தின் மேல் ஹெய்ல் நிறுவனம் கட்டிய, டூடுல்பக் என்று செல்லப்பெயர் பெற்ற எண்ணெய் டாங்கர் அது. எஞ்சின் பின்புறம்; முன்புறம் வளைந்த கண்ணாடி; ஆளின் உயரத்தைவிடப் பெரிதாகத் தாண்டாத, தரையோடு ஒட்டிய நீண்ட உடல். எஞ்சின் ஓசை முன்னால் இருக்கும் ஓட்டுநருக்குக் கேட்காததால், கியர் மாற்ற வேண்டிய நேரம் தெரிவதற்காகப் பின்னால் ஒரு மைக்ரோஃபோனும் ஓட்டுநரின் அருகே ஒரு ஒலிபெருக்கியும் வைத்தார்களாம். அந்த டாங்கர்கள் இன்று சாலையில் இல்லை. என் மேசை மேல் இருக்கிறது. அதேபோல, முதல் விமான உண்டியலின் மூலமான லாக்ஹீட் விமானத்தை ஃபிராங்க் ஹாக்ஸ் என்னும் டெக்சகோ விமானி 1929 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை 18 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஓட்டிச் சென்றார். டெக்சகோ தன் பெயரை வானத்தில் எழுத நினைத்த காலம் அது. இவற்றை என் பேரனுக்குச் சொல்லும்போது கையில் தர ஒரு வடிவம் இருக்கிறது என்பதே எனக்கு அந்த உண்டியல்களின் மதிப்பு.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் பழைய உண்டியலை வாங்க விரும்புவோருக்கு, விற்பவர் சொல்லும் வயது சரியா என்று பார்க்கச் சில வழிகள் உண்டு. முதலில் பெயரையும் சின்னத்தையும் படிக்க வேண்டும். டெக்சகோவின் நட்சத்திரம் 1903-இல் வந்தது. அதன் நடுவே பச்சை நிற டி எழுத்து 1909-இல்தான் சேர்ந்தது. மொபில் நிறுவனத்தின் பறக்கும் குதிரையை அதன் முன்னோடியான வேக்குவம் ஆயில் நிறுவனம் பதிவு செய்தது 1911-இல். அமெரிக்காவில் எஸ்ஸோ என்ற பெயர் எக்ஸான் ஆனது 1972-இல்; எனவே எக்ஸான் என்று எழுதிய ஒரு பொருளை 1950-களுக்கு உரியதாகக் காட்டுவது மோசடி. சிங்க்ளேரின் பச்சை டைனோசரோ 1930-இல் விளம்பரத்தில் தோன்றி, 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் முழு உருவச் சிலையாக நின்ற பிறகே குழந்தைகளிடம் பெரும்புகழ் பெற்றது.

அடுத்தது வார்ப்பிரும்பு உண்டியல்கள். எண்ணெய் நிறுவனப் பெயர் தாங்கிப் பெட்ரோல் பம்ப் போலவும் டாங்கர் போலவும் கனமான இரும்பு உண்டியல்கள், 1920-களைச் சேர்ந்தவை என்று சொல்லி ஏராளமாக விற்கப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் ஆசிய நாடுகளில் வார்க்கப்பட்டவை. பழைய அமெரிக்கப் பொம்மை வார்ப்பாளர்கள் மாவு போன்ற மெல்லிய மணலைப் பயன்படுத்தினார்கள். மேற்பரப்பைத் தடவினால் வழவழப்பாக இருக்கும், இரு பாதிகளும் தலைமுடி நுழையாதபடி பொருந்தும், விளிம்புகள் கையால் ராவி மென்மையாக்கப்பட்டிருக்கும். போலிகளில் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், இணைப்பில் நகம் நுழையும், கிரைண்டர் ஓட்டிய கோடுகள் தெரியும். துரு செங்கல் நிறத்தில் பளிச்சென்று இருந்தால் அது ரசாயனத்தால் அவசரமாக வரவழைத்தது. காலத்தால் வரும் துரு கருஞ்சிவப்பு. பாதிகளைப் பிணைக்கும் திருகாணியின் தலையில் சிலுவை வடிவக் குழி இருந்தால், அந்த வகைத் திருகாணிக்கே 1936-இல்தான் காப்புரிமை கிடைத்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே கோடுள்ள திருகாணி இருப்பது மட்டும் பழமைக்குச் சான்றாகிவிடாது. ஆனால் சிலுவைத் தலை இருந்தால், பிற்காலத்தில் மாற்றியதாக இல்லாத வரை, 1920 என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புப் பொம்மைகளை வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். துத்தநாகத்தில் ஈயம் போன்றவை மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே உப்பி, வெடித்து, கைபட்டால் உதிரும். சேகரிப்பாளர்கள் இதைத் துத்தநாக நோய் என்பார்கள், இதற்கு மருந்தில்லை. தூய்மையான துத்தநாகத்தில் செய்த பிற்கால லாரிகளுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். 1978-க்கு முன்னர் அமெரிக்காவில் பொம்மைகளின் வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவுக்கு கடுமையான வரம்பு கிடையாது. 2009-இல் அந்த வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்காகக் குறைக்கப்பட்டது. ஆகவே பழைய தகர உண்டியல்களை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், எதையும் வாயில் வைக்கும் வயதுள்ள குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்க வேண்டாம். தங்கள் கட்டுரை அவற்றைப் பேரக்குழந்தைகளுக்கு ஏற்ற பரிசு என்று பரிந்துரைத்ததையும் திருத்த வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. படத்தில் உள்ள உண்டியல் 1984-இல் எர்ட்டில் நிறுவனம் டெக்சகோவுக்காகச் செய்து விலைக்கு விற்கப்பட்டது என்பதையும், 1913 என்பது அதன் மூல வண்டியின் ஆண்டு என்பதையும் அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். முதலீடு என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். கட்டுரையாளர் விரும்பினால் என் வீட்டுக்கு வரலாம். லாரிகளையும், அந்த நெளிந்த துளையுள்ள தகரக் குப்பியையும் அருகருகே வைத்துக் காட்டுகிறேன். குப்பியைக் குலுக்கினால் உள்ளே இன்னும் ஒரு நாணயம் ஓசை எழுப்பும். அண்ணனின் கத்திக்குச் சிக்காமல் தப்பிய அது எந்த ஆண்டின் நாணயம் என்பதைத் துளை வழியே பார்க்க முடியவில்லை. அறுத்துப் பார்க்க எனக்கோ என் மகளுக்கோ மனமில்லை.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வார்ப்புத் துறைப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.